மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை

போன வாரம் நானும் என் கணவரும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். பழைய மடிக்கணினி சூடேறிச் சூடேறி அணைந்துகொண்டிருந்தது. புதிதாக ஒன்று வாங்காமல் தீராது என்றாகிவிட்டது. கடைக்காரர் பெட்டியைப் பிரித்தார். தெர்மாகோலும் புது பிளாஸ்டிக்கும் கலந்த வாசனை வந்தது. விண்டோஸ் வேண்டாம், லினக்ஸ் போட்டுக் கொடுங்கள் என்றேன். சரி என்றவர், டீயா காபியா என்று கேட்பதைப் போலக் கேட்டார்.

"க்னோம் போடட்டுமா மேடம், கேடிஇ போடட்டுமா?"

எனக்குக் காது மடல்வரை சுட்டது. அந்த மனிதருக்கு ஒன்றும் தெரியாது, பாவம். என்னையறியாமல் வலப்பக்கம் திரும்பினேன். அங்கே நீ நின்றுகொண்டிருக்கிறாய் என்றும், இதோ வாயைத் திறந்து சண்டையை ஆரம்பிக்கப்போகிறாய் என்றும் ஒரு நொடி நினைத்துவிட்டேன். "என்ன தமா?" என்றார் கணவர். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, க்னோம் என்றேன்.

அன்றிலிருந்து மனதுக்குள் உன்னோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். அது நிற்கிற மாதிரி தெரியவில்லை, அதனால் எழுதுகிறேன். நான் தட்டுகிற ஒவ்வொரு வரியையும் இந்தக் கணினி எனக்கே திருப்பி வாசித்துக் காட்டுகிறது. இப்போது அது தமிழும் வாசிக்கிறது, தெரியுமா? ழகரம் மட்டும் இன்னும் வரவில்லை. நீ கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

ஆஸ்டின் டவுனில் அந்த அறக்கட்டளைக் கட்டடத்தின் மாடி. இரண்டு அறைகள், கம்பெனிகள் கழித்துவிட்ட கம்ப்யூட்டர்கள், டீச்சர் என்று நாம் இருவர். தையல், கடைவேலை, வீட்டுவேலை என்று ஏதாவது பார்த்துக்கொண்டே கம்ப்யூட்டர் கற்று ஓர் ஆபீசுக்குள் நுழைந்துவிடலாம் என்று வருகிறவர்கள்தான் நம் மாணவர்கள். நீ அந்தத் தெருக்களிலேயே பிறந்து வளர்ந்தவள். நான் தர்மபுரியிலிருந்து கல்யாணமாகி ஈஜிபுராவுக்கு வந்தவள். முதல் நாள் டீ வேண்டுமா என்று உன்னைக் கேட்டேன். "பேடா" என்றாய். இந்த நேரத்தில் இவள் எதற்கு இனிப்பு கேட்கிறாள் என்று நான் விழிக்க, கன்னடத்தில் அது வேண்டாம் என்று அர்த்தம் என விளக்கிவிட்டு, மறுநாள் நிஜமாகவே ஒரு பெட்டி பால்பேடா வாங்கி வந்து என் மேசையில் வைத்தாய். நம் சிநேகிதம் அப்படித் தொடங்கியது.

செயலாளர் சாரை நினைவிருக்கும். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வாக்கியத்தையும் பைசல் செய்வதைப் போல முடிப்பார். ஒருநாள் நம் இருவரையும் கூப்பிட்டு, இனி எல்லா மெஷினிலும் லினக்ஸ்தான், எப்படிப் போடுவது என்று நீங்களே முடிவு பண்ணுங்கள் என்றார். லினக்ஸில் திரையின் முகத்தை நாமே தேர்ந்தெடுக்கலாம். உள்ளே ஓடுவது ஒன்றேதான். பட்டன் எங்கே, பட்டை எங்கே, மெனு எப்படி விரியும் என்பதில் க்னோம் ஒரு மாதிரி, கேடிஇ ஒரு மாதிரி. இரண்டையும் சேர்த்துப் போட அந்தப் பழைய மெஷின்களில் இடம் இல்லை. ஒன்றைத்தான் போட முடியும்.

"க்னோம் போதும் சார். மேல ஒரு பட்டை, கீழ ஒரு பட்டை, நடுவுல ஒண்ணுமே இல்ல. பாக்கவே நிம்மதியா இருக்கு," என்றாய்.

"கேடிஇதான் சார் சரி," என்றேன் நான். "இவங்க நாளைக்கு ஆபீசுக்குப் போனா அங்க விண்டோஸ் இருக்கும். கீழ இடது மூலைல பட்டன். கேடிஇலயும் அதே மூலைதான். கண்ண மூடிட்டுப் போய் அழுத்திடலாம்."

"எந்த மூலைல இருந்தா என்ன தமா? தேடிக் கண்டுபிடிக்கக் கத்துக்கட்டும். ஒரே மூலைய மனப்பாடம் பண்ணவா இங்க வர்றாங்க?"

தேடிக் கண்டுபிடிப்பது. எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாய்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் என் காரணம் அதுவும் இல்லை. சின்ன வயதிலிருந்தே எனக்கு மாலைக்கண். வெளிச்சம் குறைந்தால் தடவல்தான். நம் சென்டரில் சேர்ந்த காலத்தில் பகல் பார்வையும் ஓரங்களிலிருந்து சுருங்க ஆரம்பித்திருந்தது. நேராகப் பார்ப்பது தெளிவாகத் தெரியும், சுற்றியுள்ளது தெரியாது. சாவித் துவாரத்தின் வழியாக அறையைப் பார்ப்பதைப் போல. திரையில் ஒரு மூலை கிடைத்துவிட்டால் அதைப் பிடித்துக்கொண்டு மற்ற இடங்களுக்கு நகர்ந்துவிடுவேன். கேடிஇயில் எல்லாம் கீழே ஒரே பட்டையில் இருந்தது. க்னோமில் மெனு மேலே, திறந்து வைத்த ஜன்னல்கள் கீழே. மேலே போய்த் துழாவி, கீழே வந்து துழாவி, நடுவில் அம்புக்குறியையே தொலைத்துவிடுவேன்.

இதை உன்னிடம் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. எங்கள் வீட்டில் மாலைக்கண் என்ற சொல்லையே யாரும் சொல்ல மாட்டார்கள். 'அவளுக்கு இருட்டுன்னா பயம்' என்பார்கள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களை அம்மா பளீரென்று வெயில் அடிக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வரச் சொன்னாள். பயந்தவள் என்ற பெயரோடு நான் பெங்களூர் வந்து சேர்ந்தேன். கண் தெரியாதது என் குற்றம் இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது அது நானே செய்துவிட்ட அசிங்கம் போல இருந்தது. சேலையில் கறை பட்டுவிட, அதை மடித்து மறைத்துப் பிடித்துக்கொண்டே நடக்கிறவள் மாதிரி நாள் முழுக்க இருப்பேன்.

பாதி மெஷினில் அது, பாதி மெஷினில் இது, ஒரு மாதம் பார்க்கலாம், மாணவர்களே சொல்லட்டும் என்று நீதான் வழி சொன்னாய். அந்த மாதத்தை எப்படிக் கழித்தேன் என்று உனக்கு நான் சொன்னதே இல்லை. என் வகுப்பில் யாராவது க்னோம் மெஷினிலிருந்து கையைத் தூக்கினால் கவனிக்காத மாதிரி அடுத்த வரிசைக்குப் போய்விடுவேன். ஈஜிபுராவில் தையல் வேலை பார்த்த அந்த முன்வரிசைப் பெண், குரல் கணீரென்று இருக்குமே, அவள் ஒருநாள் கூப்பிட்டாள். குனிந்து மெனுவைத் தேடினேன். மூக்கு திரையில் இடிக்கிற அளவு குனிந்துவிட்டேன் போலிருக்கிறது.

"மேடம், மேல இருக்கு. மேல, மேல. கையக் காட்றேனே, தெரியலையா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "மெஷின் ஸ்லோவா இருக்கு," என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். நகரும்போது ஒரு ஸ்டூலை இடித்துத் தள்ளினேன். அதற்கும் சிரிப்பு வந்தது. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, முகத்தில் சூடு ஆறும்வரை நின்றேன்.

மாத முடிவில் மாணவர்கள் கேடிஇதான் வேண்டும் என்றார்கள். அது பளபளப்பாக இருந்தது, அவ்வளவுதான். நீ தோற்றதை லேசாக எடுத்துக்கொண்டாய். "ஆயித்து, அதையே போட்டுடலாம்," என்று சொல்லி, அடுத்த இரண்டு நாள் ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து நீயே போட்டு முடித்தாய். மறுநாள் நான் வந்து பார்த்தால் எல்லா மெஷினிலும் அம்புக்குறி பெரிதாக, கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது. ஏன் இவ்வளவு பெரிது என்று கேட்டேன். "புதுசா வர்றவங்களுக்கு வசதியா இருக்கும்," என்றாய். நான் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த மழைக்காலத்திலிருந்து பொழுது சாயும் நேரத்தில் நீ என்னோடு பஸ் நிறுத்தம்வரை நடந்துவர ஆரம்பித்தாய். "எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கு" என்பாய். என்ன வேலை என்று நான் கேட்டதில்லை. பள்ளம் வருகிற இடத்தில் சும்மா பேச்சுவாக்கில் என் முழங்கையைப் பிடிப்பாய். பள்ளம் கடந்ததும் விட்டுவிடுவாய். உனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவள் போல உன் பக்கத்தில் நடந்தேன். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு எனக்கே என்னைப் பிடிக்காது.

பிறகு அந்தப் பார்வையாளர்கள் வந்த நாள். நமக்கு மெஷின் கொடுத்த கம்பெனியிலிருந்து சிலர் வந்திருந்தார்கள். மாணவர்கள் செய்ததை நான் புரொஜெக்டரில் காட்ட வேண்டும். பட்டுச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தேன். எல்லாம் மனப்பாடம், எந்த மூலை, எத்தனையாவது வரி என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். செயலாளர் சார் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "லைட்டை அணைத்துவிடலாமே, நன்றாகத் தெரியும்," என்றார்.

யாரோ அணைத்தார்கள். எனக்கு அறை முழுக்கக் காணாமல் போனது. ஆனாலும் எல்லோரும் காத்திருக்கிறார்கள், நான் மேசைக்குப் போயாக வேண்டும். தெரியும் வழிதானே என்று நடந்தேன். தரையில் கிடந்த ஒயர் காலில் சிக்கியது. விழாமல் இருக்கக் கையை வீசிப் பிடித்தது மானிட்டரை. அது பெரிய சத்தத்தோடு கீழே விழுந்தது. அதன் மேல் நான் விழுந்தேன்.

லைட்டைப் போட்டார்கள். எல்லா முகங்களும் என்னைப் பார்க்கின்றன என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் ஒவ்வொன்றாகத்தான் என்னால் பார்க்க முடிந்தது. "பார்த்து நடக்கக் கூடாதா மேடம்?" என்றார் செயலாளர் சார். "செருப்பு வழுக்கிடுச்சு சார்," என்றேன். என் காலில் செருப்பு இல்லை. அந்த அறைக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை.

எழுந்து வந்து, மீதியை நீயே காட்டி முடித்தாய். அவர்கள் போன பிறகு கைகழுவும் இடத்தில் நான் முழங்கையில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றாய்.

"எவ்ளோ நாளா தமா?"

"என்ன எவ்ளோ நாளா?"

"கண்ணு."

குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல," என்றேன்.

"அன்னைக்கு டீ டம்ளர உன் பக்கத்துலயே நீட்டிட்டு நின்னேன். நீ என் முகத்தப் பாத்துப் பேசிட்டே இருந்த. கை இருந்ததே உனக்குத் தெரியல. பெரிய அம்புக்குறி யாருக்குன்னு நெனச்ச?"

உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அவ்வளவு நாளாகத் தெரிந்திருக்கிறது. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய். அந்த நேரத்தில் எனக்கு நன்றி தோன்றவில்லையடி. உடுப்பு மாற்றும்போது ஒருத்தி கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது. "உன் வேலையப் பாரு," என்று சொல்லிவிட்டு, ஈரக் கையோடு வெளியே வந்துவிட்டேன். மறுநாள் தலைவலி என்று லீவு சொன்னேன். அதற்கடுத்த நாளும்.

ஞாயிற்றுக்கிழமை நீ மாதா கோயிலில் பூசை முடித்து நேராக ஈஜிபுராவுக்கு வந்தாய். வாசலில் உன் குரலைக் கேட்டதும் சமையலறைக்குள் போய் நின்றுகொண்டேன். மருந்துக் கிடங்கில் வேலை பார்க்கிற என் கணவருக்கு அன்று விடுமுறை. உன்னை உட்காரச் சொன்னார். நீ உட்காரவில்லை.

"அண்ணா, நான் சுத்தி வளைக்காம கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. தமாவுக்குக் கண்ணு சரியா தெரியலன்னு உங்களுக்குத் தெரியுமா?"

நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டேன். இதோ முடிந்தது என்று நினைத்தேன். வெயில் நேரத்தில் காட்டி முடித்த கல்யாணம், இதோ அவிழ்ந்து விழப்போகிறது.

"தெரியும்மா," என்றார் அவர். "கல்யாணமான புதுசுலயே தெரியும். அவளா சொல்லுவான்னு இருக்கேன்."

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே எல்லா விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். அவருக்கு வெளிச்சம் பிடிக்கும் போல என்று நினைத்திருந்தேன். ஒரு பொருளையும் அவர் இடம் மாற்றி வைத்ததில்லை. அது அவருடைய ஒழுங்கு என்று நினைத்திருந்தேன். என் வெட்கத்துக்கு இடைஞ்சல் வராதபடி அந்த மனிதர் இத்தனை வருடம் வீட்டுக்குள் ஓசையில்லாமல் நடந்திருக்கிறார். நான் வெளியே வந்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் உன் முகத்தைப் பார்த்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய். சண்டைக்காரியான நீ அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

கண் ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும்தான் போனோம். விழித்திரை நோய், மருந்து இல்லை, மெல்ல மெல்லச் சுருங்கும், எதற்கும் தயாராக இருங்கள் என்றார் டாக்டர். திரும்பும் வழியில் ஆட்டோவில் நான் ஒன்றுதான் கேட்டேன். "வேலைக்கு என்ன பண்ணுவேன்?" தெரியாத ஒன்றுக்கு நீ ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ மாதம் எனக்கு ஒரு வழி தேடினாய். ஒருநாள் மதியம் சாப்பிடும்போது டிபன் மூடியைக்கூடத் திறக்காமல் சொன்னாய். "தமா, க்னோமுக்குள்ள இப்ப ஒரு புரோகிராம் வருது. திரைல இருக்கறத வாசிக்குமாம். மெனு, பட்டன், நீ அடிக்கற எழுத்து, எல்லாம். கேடிஇல இப்போதைக்கு அப்படி இல்ல. விசாரிச்சுட்டேன்."

"அப்ப என் மெஷின்ல மட்டும் மாத்திக்கலாம்."

"நீ டீச்சரு. எவளாவது கூப்பிட்டா அவ மெஷின்ல போய்தான உக்காரணும்? எல்லாத்துலயும் மாத்தணும். சாருகிட்ட சொல்லணும்."

"வேண்டாம்டி."

"சரி, நான் வேற காரணம் சொல்லிக்கறேன்."

அப்படித்தான் நாம் இருவரும் மறுபடி செயலாளர் சாரின் அறைக்குள் போனோம். க்னோம் எளிமையானது, பழுது குறைவு என்று நீ தொடங்கினாய். செயலாளர் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இதே வாதத்தை முன்பே பேசி முடித்தாயிற்று. மாணவர்களும் சொல்லிவிட்டார்கள். தோற்றதை ஒப்புக்கொள்ள உனக்கு மனசில்லை, அதுதான் விஷயம். பிடிவாதத்துக்கும் ஓர் அளவு வேண்டும்மா."

நீ தலையைக் குனிந்துகொண்டாய். நீ. பதில் இருந்தும் பேசாமல் நின்றாய். உன் நாக்கு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா? என் முகம் காப்பாற்றப்படுவதற்காக உன் முகம் அங்கே கீழே போய்க்கொண்டிருந்தது. இரண்டு வெட்கங்களில் எது பெரியது என்று யோசித்துப் பார்த்தெல்லாம் நான் பேசவில்லை. தாங்க முடியாமல் வாயிலிருந்து வந்துவிட்டது.

"எனக்குக் கண்ணு தெரியல சார். இன்னும் கொஞ்ச நாள்ல சுத்தமா போயிடும். க்னோம் வாசிச்சுக் காட்டும். அதுக்காகத்தான் இவ கேக்குறா. மானிட்டர நான் ஒடச்சதும் அதனாலதான்."

வியர்வையில் என் ரவிக்கை நனைந்திருந்தது. செயலாளர் சார் கழற்றி வைத்த கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "யோசிக்க வேண்டும்," என்றார். அவர் நல்லவர்தான், ஆனால் உடனே இரங்குகிறவர் இல்லை. சில வாரம் எனக்கு வகுப்பு கொடுக்கவில்லை. சும்மா சம்பளம் வாங்குவது இன்னொரு வெட்கம். உன் வகுப்பின் ஓரத்தில் ஒரு மெஷினில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, திரையைப் பார்க்காமல் விசைகளால் மட்டும் வேலை செய்யப் பழகினேன். முதலில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். நீ வந்து என் துப்பட்டாவை எடுத்து மானிட்டர் மேல் போட்டுவிட்டுப் போவாய். "இப்ப பாரு," என்பாய்.

கடைசியில் சார் சம்மதித்தார். கேடிஇ போனது, நீ மறுபடி ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்தாய். நான் வகுப்புக்குத் திரும்பிய முதல் நாளை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அந்த மெஷின்களில் ஹெட்போன் துளை பாதிக்கு வேலை செய்யாது. ஆகவே ஸ்பீக்கரில்தான் வைத்தோம். மூக்கடைத்த வெள்ளைக்காரன் குரலில் அது நான் தொடுகிற எல்லாவற்றையும் வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னது. நான் தப்பாக அடித்தால் அந்தத் தப்பையும் சொன்னது. அழித்தால் பேக்ஸ்பேஸ், பேக்ஸ்பேஸ் என்று எண்ணி எண்ணிச் சொன்னது. முப்பது பேருக்கு முன்னால் என் தடுமாற்றத்தை ஒருவன் உரக்க வாசித்துக்கொண்டிருக்கிறான். ஓடிவிடலாம் என்று எழுந்துகூட விட்டேன்.

அப்போது தையல்காரப் பெண் சொன்னாள். "பரவால்ல மேடம், நீங்களும் எங்கள மாதிரிதான் அடிச்சு அடிச்சு அழிக்கறீங்க." சிரிப்பு வந்தது. ஆனால் இந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. கதவோரம் நின்றிருந்த நீதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தாய். நான் உட்கார்ந்தேன். அந்த வேலையில் அதற்குப் பிறகும் பல வருடம் இருந்தேன். அந்தச் சென்டரை மூடும்வரை இருந்தேன்.

நீதான் இருக்கவில்லை.

வெறும் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள். மூன்றாம் நாளே தீவிர சிகிச்சைப் பிரிவு என்றார்கள். நான் வந்தபோது உன் தொண்டைக்குள் குழாய் போட்டிருந்தார்கள். அதற்குள் என் பார்வையில் மிச்சம் இருந்தது கொஞ்சம் வெளிச்சம் மட்டுமே. உனக்குப் பேச முடியவில்லை, எனக்குப் பார்க்க முடியவில்லை. இவ்வளவு காலம் பேசித் தீராத நாம் இருவரும் அன்று ஒருவருக்கொருவர் எட்டாமல் போனோம். உன் தங்கை நடுவில் நின்றாள். நீ பேப்பரில் ஏதோ கிறுக்குகிற சத்தம் கேட்டது. என்ன எழுதுகிறாள் என்று அவளிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது. நமக்குள் இருப்பதை இன்னொருத்தி வாயால் கேட்பதா என்று. உன் தங்கை அவளாகவே வாசித்தாள்.

"சாப்டியான்னு கேக்குறா அக்கா."

சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை. மறுபடி கிறுக்கினாய். தங்கை கொஞ்சம் தயங்கினாள்.

"இருட்டறதுக்குள்ள கெளம்பச் சொல்றா."

எனக்குப் பகலும் இருட்டும் ஒன்றாகிவிட்டதை உனக்கு நினைவுபடுத்த மனம் வரவில்லை. சரி என்று உன் காலைத் தொட்டுவிட்டுக் கிளம்பினேன். அதுதான் கடைசி.

மாதா கோயிலில் உன்னை வைத்திருந்தார்கள். ஆஸ்டின் டவுன் முழுவதும் வந்திருந்தது போலக் கூட்டம். என் கணவர் என்னை உள்ளே விட்டுவிட்டுப் பூ வாங்கப் போயிருந்தார். மெழுகுவர்த்தி வாசனை, முணுமுணுப்பு, செருப்பில்லாத கால்களின் சத்தம். நீ எந்தப் பக்கம் கிடக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருட சிநேகிதி, உன் பெட்டி எங்கே என்று ஊராரிடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்று ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசை என்னைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. மூடிவிடுவார்கள் என்ற பயம் வந்த பிறகுதான் வாய் திறந்தது. பக்கத்தில் நகர்ந்த யாரோ ஒரு பெண்ணின் கையைத் தொட்டேன்.

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க. அவகிட்ட என்னக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"பன்னி அக்கா," என்றாள் அந்தப் பெண். வாங்க என்று அர்த்தம், உன்னிடம் நான் கற்ற கன்னடம். என் கையைப் பிடித்து நடத்திப் போய், மரப்பெட்டியின் விளிம்பில் வைத்தாள். நான் விளிம்பிலிருந்து உள்ளே கையை நகர்த்தி உன் விரல்களைக் கண்டுபிடித்தேன். ஜெபமாலை சுற்றியிருந்தது. குளிர்ந்திருந்தன. யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

இந்தக் கூச்சம் போய்விடும் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். போகவில்லை. கேட்கிற ஒவ்வொரு முறையும் அதுதான் முதலில் வருகிறது; வார்த்தை அதற்குப் பின்னால்தான் வருகிறது. ஆனால் வராமல் போவதில்லை. நேற்று அவர் வேலைக்குப் போய்விட்டார், ஜோகுபாளையத்தில் எனக்கு ஒரு வேலை இருந்தது, தனியாகக் கிளம்பினேன். நிறுத்தத்தில் பஸ் ஒன்று வந்து நின்று உறுமியது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. இருமல் சத்தத்தை வைத்து ஓர் ஆள் என்று தெரிந்தது.

"இது யாவ பஸ் சார்? எனக்குக் கண்ணு காணிசல்ல," என்றேன், உன் கன்னடத்தில்.

அவர் எண்ணைச் சொன்னார். என் பஸ்தான். ஏறிக்கொண்டேன்.